காலைக் காப்பதா, எடுப்பதா: போர்க்காயம் பட்ட வீரரின் அக்காவுக்குப் பதில்

கேள்வி: என் தம்பி ராணுவ வீரன், வயது 29. பதினோரு மாதங்களுக்கு முன்பு ரோந்து சென்றபோது கண்ணிவெடி வெடித்து, இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிச் சதையும் பிய்ந்துபோனது. இதுவரை ஒன்பது முறை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டார்கள். காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டியிருக்கிறார்கள். எலும்பு கூடவில்லை, நடுவே ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்கிறார்கள். அவ்வப்போது சீழ் வருகிறது. உள்ளங்காலில் உணர்வு குறைவாக இருக்கிறது. வளையச் சட்டம் மாட்டி எலும்பை வளர்க்கலாம், ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம்; அல்லது முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். அதே வெடியில் காலை இழந்த அவனுடைய தோழர் இன்று செயற்கைக் காலோடு ஓடுகிறார். "என் காலையும் எடுத்துவிடுங்கள்" என்கிறான் தம்பி. அம்மா சம்மதிக்க மறுக்கிறார். எது சரி? இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய காலை இப்போது எடுத்தால் பட்டதெல்லாம் வீண்தானே?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இப்போது காலை எடுப்பதாக முடிவானாலும் இதுவரை பட்ட பாடு வீணாகாது. இந்தப் பதினோரு மாதங்களில் உங்கள் தம்பியின் உயிர் நிலைத்தது. முழங்கால் மூட்டு தப்பியது. வெடியின் சேதம் எதுவரை சென்றிருக்கிறது, எது பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்பது தெளிவாயிற்று. காலைக் காக்கும் வழியில் போனாலும் நீக்கும் வழியில் போனாலும் இந்த மூன்றும் அவருக்குப் பயன்படப்போகின்றன. அதே சமயம், பட்ட பாட்டையே காரணமாக வைத்து அடுத்த ஒன்றரை ஆண்டுகளைத் தீர்மானிக்கவும் கூடாது.

எக்ஸ்ரேயையும் காலையும் நேரில் பார்க்காமல் "இதுதான் சரி" என்று நான் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிலையில் இரண்டுமே மருத்துவ நோக்கில் ஏற்கத்தக்க வழிகள்தான் என்பதை உறுதியாகச் சொல்லலாம். கால் உடலோடு ஒட்டியிருக்கிறதா என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் எவ்வளவு தூரம் வலியின்றி நடப்பார், எத்தனை முறை மீண்டும் மருத்துவமனையில் படுக்க நேரும், என்ன வேலை செய்ய முடியும் என்பவற்றை வைத்து எடைபோடுங்கள். முடிவு உங்கள் தம்பியுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்று அவர் வாயிலிருந்து வரும் "எடுத்துவிடுங்கள்" என்ற சொல் தீர்மானமா, களைப்பா என்பதைப் பிரித்தறிந்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் என் வற்புறுத்தல்.

முதலில், இவ்வளவு காலம் ஆகியும் ஏன் ஆறவில்லை என்ற கேள்வி உங்கள் வீட்டில் எழுந்திருக்கும். சாலை விபத்தில் கால் உடைந்து ஆறு மாதத்தில் நடந்துவிட்டவரைக் காட்டி உறவினர்கள் பேசியிருக்கவும் கூடும். அந்த ஒப்பீடு பொருந்தாது. கண்ணிவெடி காலுக்கு அடியில் வெடிக்கும்போது அதன் அழுத்தம் மண்ணையும் கல்லையும் பூட்ஸின் துணுக்குகளையும் உடைத் துணியையும் தசைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே, வெளியே தெரியும் காயத்துக்கு வெகு மேலே வரை செலுத்திவிடுகிறது. தோலில் கிழிசல் சிறிதாக இருக்கும். உள்ளே திறந்து பார்த்தால் முழங்காலை ஒட்டியும் மண் கிடக்கும். முதல் நாள் உயிரோடு இருப்பதாகத் தோன்றும் தசை மூன்றாம் நாள் செத்திருக்கும். இதனால்தான் போர்க்காயத்தை முதல் நாளே தைத்து மூடக் கூடாது என்ற விதி போர்முனை அறுவை மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. காயத்தைத் திறந்தே வைத்து, ஓரிரு நாளுக்கு ஒருமுறை அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று, தசையின் நிறம் எப்படி இருக்கிறது, தொட்டால் உறுதியாக இருக்கிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செத்ததை அகற்ற வேண்டும். உங்கள் தம்பிக்கு நடந்த ஒன்பது அறுவைகளில் பலவும் இத்தகையவையாகவே இருந்திருக்கும். அந்த எண்ணிக்கையைத் தோல்வியின் கணக்காக எண்ண வேண்டாம்.

இவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டமும் அன்று இது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமுற்ற அமெரிக்க வீரர்களின் பதிவேட்டை ஆராய்ந்தபோது, மொத்தக் காயங்களில் சுமார் 54 விழுக்காடு கைகால்களில் பட்டவை என்று தெரியவந்தது. கைகால் எலும்பு முறிவுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல், தோல் கிழிந்து எலும்பு வெளியுலகத்தோடு தொடர்புகொண்ட திறந்த முறிவுகள். மார்பையும் வயிற்றையும் கவசம் காக்கிறது. கைகால்களுக்கு அந்தக் காப்பு இல்லை. முன்பெல்லாம் இத்தகைய காயம் பட்டவர்களில் பலர் இரத்தப்போக்கினாலேயே களத்தில் இறந்துவிடுவார்கள். டூர்னிகே எனப்படும் இறுக்குப் பட்டையை ஒவ்வொரு வீரரும் கையோடு வைத்திருக்கத் தொடங்கிய பிறகு அந்த நிலை மாறியது. பாக்தாத் போர்முனை மருத்துவமனையில் 2006இல் நடந்த ஆய்வொன்றில், இரத்தம் வடிந்து அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே பட்டை இறுக்கப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தனர். அதற்குப் பின் இறுக்கப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே பிழைத்தனர். பிழைப்பவர் எண்ணிக்கை கூடியதால், முன்பு உயிரோடு சேர்ந்தே போயிருக்கக்கூடிய கால்கள் இப்போது மருத்துவர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. உங்கள் தம்பியின் காலும் அப்படி வந்த ஒன்றாக இருக்கலாம்.

இனி உங்கள் தம்பியின் காலில் இப்போது நடப்பவற்றுக்கு வருவோம். மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன: தொற்று, எலும்பு இடைவெளி, உள்ளங்கால் உணர்வு. இவற்றில் தொற்றைத்தான் நான் முதலில் வைப்பேன். அது அடங்காமல் மற்ற இரண்டைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

பதினோரு மாதம் கழித்தும் விட்டுவிட்டுச் சீழ் வருகிறது என்றால், தொற்று தோலோடும் தசையோடும் நிற்கவில்லை, எலும்புக்குள் குடிபுகுந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இரத்த ஓட்டம் இழந்து செத்துப்போன எலும்புத் துண்டிலும் உள்ளே வைக்கப்பட்ட உலோகத்திலும் பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. மாத்திரையோ ஊசியோ அந்தப் படலத்தைத் துளைத்துச் செல்வது கடினம். மருந்து கொடுக்கும்போது சீழ் நின்று, நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வருவது இதனால்தான். தீர்வு கத்தியில்தான் இருக்கிறது. செத்த எலும்பைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக்கொண்டே போகும்போது, வெண்மையாக உலர்ந்து கிடக்கும் எலும்பில் ஓரிடத்தில் புள்ளிப் புள்ளியாக இரத்தம் கசியத் தொடங்கும். உயிருள்ள எலும்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதுவரை அகற்றாமல் நின்றால் தொற்று மீளும். அகற்றினாலோ, இன்று ஆறு சென்டிமீட்டராக இருக்கும் இடைவெளி எட்டாகவும் ஒன்பதாகவும் கூடலாம். ஆகவே "ஆறு சென்டிமீட்டர்" என்ற கணக்கு செத்த எலும்பு முழுவதையும் அகற்றிய பிறகு அளந்ததா, அதற்கு முன்பு அளந்ததா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஒன்றரை ஆண்டு என்ற மதிப்பீடு முழுவதும் அந்த விடையைப் பொறுத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. போரில் காயமுற்று எலும்புத் தொற்று வந்த அமெரிக்க வீரர்களை ஆராய்ந்தபோது, முதல் முறை வளர்ந்தவை பெரும்பாலும் அசினெட்டோபாக்டர் போன்ற, மருத்துவமனைச் சூழலில் தொற்றும் கிருமிகளாகவும், திரும்ப வந்த தொற்றுகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளே அதிகமாகவும் இருந்தன. முதல் மாதத்தில் எடுத்த பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு பதினோராம் மாதத்தில் மருந்து கொடுப்பது பயன் தராது. புண்ணின் மேல் வழியும் சீழைப் பஞ்சில் ஒற்றி அனுப்புவதும் போதாது; அறுவை அரங்கில் ஆழத்திலிருந்து எலும்புத் துணுக்குகளைப் பல இடங்களில் எடுத்து அனுப்ப வேண்டும். நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், அதற்கு முன் ஓரிரு வாரம் கிருமிக்கொல்லி மருந்தை நிறுத்தி வைப்பதும் வழக்கம். அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது இடைவெளி. வளையச் சட்டம் என்று உங்களிடம் சொல்லப்பட்டது இலிசரோவ் என்ற மருத்துவர் சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் உருவாக்கிய முறை. காலின் நல்ல பகுதியில் எலும்பை அறுவையின்போது திட்டமிட்டு வெட்டி, வெட்டிய துண்டை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்கு தவணைகளாகப் பிரித்து, இடைவெளியை நோக்கி நகர்த்துவார்கள். துண்டு நகர நகர, பின்னால் விட்டுச்சென்ற இடத்தில் புது எலும்பு உருவாகும். ஆறு சென்டிமீட்டர் நகர இரண்டு மாதம் போதும். ஆனால் அந்தப் புது எலும்பு உடலின் எடையைத் தாங்குமளவு முதிர, சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை சட்டம் காலில் இருக்க வேண்டும். நகர்ந்துவந்த துண்டு எதிர்முனையைத் தொடும் இடம் தானாக ஒட்டாமல் போவது சாதாரணமாக நிகழ்வது. இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து அங்கே வைக்கும் கூடுதல் அறுவை ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் தோலைத் துளைக்கும் இடங்களில் சிவப்பும் கசிவும் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். பெரும்பாலும் சுத்தம் செய்வதிலும் மாத்திரையிலும் அடங்கிவிடும். அதைவிட நான் அஞ்சுவது கணுக்கால் இறுகிப் பாதம் கீழ்நோக்கி மடங்கிப்போவதை. எலும்பு அழகாகக் கூடியும் குதிகால் தரையில் படாமல் விந்தி நடப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். சட்டம் மாட்டிய நாளிலிருந்தே இயன்முறைப் பயிற்சி நடக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இடைவெளியில் முதலில் மருந்து கலந்த சிமெண்டை வைத்து, அதைச் சுற்றி ஒரு சவ்வு வளர்ந்ததும் ஆறு முதல் எட்டு வாரத்தில் சிமெண்டை எடுத்துவிட்டு எலும்புத் துகளை நிரப்பும் மாஸ்கலே முறையும் இருக்கிறது. இதிலும் தொற்று அடங்கியிருப்பது நிபந்தனை. இவ்விரு முறைகளில் எது பொருந்தும் என்பதைச் செய்பவரின் அனுபவத்துக்கு விட்டுவிடலாம்.

மூன்றாவதாக, உள்ளங்கால் உணர்வு. உணர்வில்லாத பாதத்தைக் காப்பதில் பயனில்லை என்று முன்பு பாடநூல்களே சொல்லிவந்தன. சாலை விபத்து போன்ற பெரும் காயங்களில் கால் நொறுங்கியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அந்தக் கருத்தை அசைத்துவிட்டது: காயம் பட்ட நாளில் உள்ளங்காலில் உணர்வே இல்லாமலிருந்து, கால் காப்பாற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளில் இயல்பான உணர்வு திரும்பியிருந்தது. நரம்பு அறுபட்டிருந்தால் கதை வேறு. நரம்பு அறுபடாமல் அதனுள்ளிருக்கும் இழைகள் மட்டும் சேதமடைந்திருந்தால், அவை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டு வளரும். உங்கள் தம்பிக்கு உணர்வு "குறைவு" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், "இல்லை" என்று எழுதவில்லை. கண்ணை மூடச் சொல்லி, குதிகாலிலும் பெருவிரலின் அடியிலும் பஞ்சால் தொட்டுச் சோதிப்பதும், நரம்பு மின்கடத்தல் பரிசோதனையும் இதைத் தெளிவாக்கும். மூன்று மாதங்களுக்கு முன் இருந்ததைவிட இன்று உணர்வு பரவியிருக்கிறது என்றால் காலைக் காக்கும் பக்கத்துக்கு அது வலுவான சான்று.

இதுவரை படித்ததும், காலை எடுத்துவிடுவதே சுலபம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். அந்தப் பக்கத்தையும் முழுதாகப் பார்த்துவிடுங்கள். ஓடும் தோழரை மட்டும் பார்ப்பவர்கள் அவர் இரவில் படும் பாட்டைப் பார்ப்பதில்லை.

போர்க்காயத்தில் உறுப்பை இழந்த அமெரிக்க வீரர்களில் 63 விழுக்காட்டினருக்கு, எஞ்சிய பகுதியின் தசைக்குள் வேண்டாத எலும்பு வளர்ந்திருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. குண்டுவெடிப்பில் சிக்கியவர்களுக்கும், வெடி சிதைத்த பகுதிக்குள்ளேயே காலை எடுக்க நேர்ந்தவர்களுக்கும் இது அதிகம். பலருக்கு எக்ஸ்ரேயில் தெரிவதோடு நின்றுவிடும். சிலருக்கு, எஞ்சிய காலை நுழைக்கும் செயற்கைக் காலின் குழிக்குள் அது முள்ளாகக் குத்தி, மறு அறுவையில் அகற்ற வேண்டியிருக்கும். உங்கள் தம்பிக்கு இப்போது எடுத்தால், சேதமடையாத சதையுள்ள மட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பது ஒரு நன்மை. வெட்டிய நரம்பின் முனையில் முடிச்சு விழுந்து, தொட்டாலே மின்னதிர்ச்சி போல வலிப்பதும் உண்டு. இல்லாத பாதம் அரிப்பதும், இல்லாத விரல்கள் முறுக்கிக்கொண்டு வலிப்பதும் உறுப்பை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோவொரு அளவில் உணர்பவை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் இதைக் கண்டு விவரித்த மருத்துவர் வெயர் மிட்செல் 1871இலேயே இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயர் கொடுத்தார். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் நடந்து 2007இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், நல்ல காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி நாள்தோறும் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் இந்த வலி குறைந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் செலவோ தீங்கோ இல்லாத பயிற்சி என்பதால் நான் பரிந்துரைக்கத் தயங்குவதில்லை. அறுத்த நரம்பை அருகிலுள்ள தசையின் சிறு நரம்போடு இணைத்துவிடும் அறுவை இப்போது வந்திருக்கிறது; நரம்பு முடிச்சு வலியையும் மாய வலியையும் அது குறைக்கிறது. காலை எடுக்கும் அறுவையிலேயே அதையும் சேர்த்துச் செய்ய முடியும்.

செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிந்துவிடும் பொருளும் இல்லை. முதல் ஆண்டில் எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே இருக்கும். காலையில் இறுக்கமாக இருந்த குழி மாலையில் தளர்ந்து, இன்னொரு உறை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். வியர்வையில் தோல் உரிந்தால் ஒரு வாரம் கால் மாட்டாமல் இருக்க நேரும். முழங்காலுக்குக் கீழே எடுத்தவர் அதே வேகத்தில் நடக்கச் சுமார் கால் பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் மேல். எனவே முழங்கால் மூட்டு தப்பியிருப்பதை நான் மிகப் பெரிய செல்வமாகக் கருதுகிறேன். காக்கும் முயற்சியில் தொற்று முழங்காலை நோக்கி ஏறத் தொடங்கினால், அந்தச் செல்வத்தை இழக்கும் முன் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உறுப்பிழந்த அமெரிக்க வீரர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்ததில், முழங்கால் மட்டத்திலோ அதற்கு மேலோ காலை இழந்தவர்களும் இரு கால்களையும் இழந்தவர்களும் இதயநோயால் இறப்பது கூடுதலாக இருந்தது. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே எடுப்பவருக்கு அந்த அச்சம் அவ்வளவு இல்லை. ஆனால் உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது வாழ்நாள் கடமை. நல்ல காலின் முழங்கால் தேய்வதும் அதனோடு சேர்ந்து வரும்.

இவ்விரு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவின் எட்டு பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் பொதுமக்களிடம் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் இரு சாராரின் இயக்கத்திறனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காலைக் காத்தவர்களில் பாதிப் பேரும் இழந்தவர்களில் பாதிப் பேரும்தான் வேலைக்குத் திரும்பியிருந்தனர். காலைக் காத்தவர்கள்தான் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது அதிகமாக இருந்தது. எந்தச் சிகிச்சை என்பதைவிட, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் கூட நிற்கும் மனிதர்களும் பின்னாளைய நிலையைக் கூடுதலாகத் தீர்மானித்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயமுற்ற 324 வீரர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் முடிவு வேறாக இருந்தது: காலை இழந்தவர்கள் இயக்கத்தின் எல்லாக் கூறுகளிலும், காலைக் காத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள், கடுமையான விளையாட்டுகளில் ஈடுபட்டவர்களும் அவர்களிடையேதான் அதிகம், போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளும் அவர்களிடம் குறைவு.

உங்கள் தம்பி இந்த இரண்டாவது ஆய்வை எங்கேனும் படித்திருக்கலாம். அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாருக்குக் காலை எடுப்பது, யாருக்குக் காப்பது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வு அன்று அது. மேலும், காலை இழந்தவர்களுக்கு அந்த ராணுவம் தனி மறுவாழ்வு மையங்களையும் உயர்தரச் செயற்கைக் கால்களையும் குழுவாகப் பயிற்சி பெறும் வாய்ப்பையும் அளித்தது. காலைக் காத்தவர்களுக்கு அப்படியோர் ஏற்பாடு அப்போது இல்லை, அறுவை முடிந்ததும் நட்டாற்றில் விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. பின்னர் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலுள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில், காலோடு இணைத்துக் கட்டும் கார்பன் இழைத் தாங்கி ஒன்றையும் எட்டு வாரத் தீவிரப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் காலை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்த 50 பேரில் 41 பேர், எட்டு வாரம் முடிந்தபோது காலை வைத்துக்கொள்வதையே விரும்பினர். அவர்கள் எலும்பு கூடி முடிந்தவர்கள், உங்கள் தம்பி இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை என்ற வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஆயினும் "எடுத்துவிடுங்கள்" என்ற எண்ணம் காலின் நிலையிலிருந்து மட்டும் எழுவதில்லை, கிடைக்கும் பயிற்சியைப் பொறுத்தும் மாறும் என்பதை இது காட்டுகிறது. அதே போர்களில் செய்யப்பட்ட பெரிய உறுப்பு நீக்கங்களில் சுமார் 15 விழுக்காடு, காயம் பட்டு 90 நாள்களுக்குப் பிறகு நடந்தவை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். முயன்று பார்த்துவிட்டுப் பின்னர் எடுப்பது அறிந்த நடைமுறைதான். யாரும் கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே களைப்பையும் தீர்மானத்தையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். முதலில் வலியையும் தூக்கத்தையும் மனநிலையையும் சீர்செய்யுங்கள். நான் சொன்ன 324 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தார்கள். பதினோரு மாதம் சீழ் நாற்றத்தோடு படுத்திருக்கும் இளைஞர் சோர்வடையாமல் இருந்தால்தான் வியப்பு. வெடிச்சத்தம் கனவில் வருகிறதா, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா என்று மனநல மருத்துவர் ஒருவர் கேட்டறியட்டும். தொற்றுக்கான அறுவை எந்த வழியிலும் தேவைப்படும் என்பதால் அதை முதலில் செய்துகொள்ளலாம். அதற்குப் பிந்தைய ஆறு வாரங்களில் வலி நன்கு கட்டுப்பட்ட நிலையில், அவர் ஒரு செயற்கைக் கால் வல்லுநரையும், வளையச் சட்டத்தை முடித்து வெளியே வந்த ஒருவரையும், காலை எடுத்து ஓரிரு ஆண்டு கடந்த ஒருவரையும் நேரில் சந்திக்கட்டும். அந்த ஓடும் தோழரிடமும் ஓட்டத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், குளிப்பது எப்படி, இரவில் கழிப்பறைக்கு எழுந்து போவது எப்படி, கடைசியாக எப்போது தோல் உரிந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகு, தெளிந்த மனத்தோடு அவர் அதே சொல்லைச் சொன்னால், அதுவே முடிவு. நீங்களும் அம்மாவும் அதற்குத் துணைநிற்க வேண்டும். "காத்துத்தான் பார்க்கிறேனே" என்று சொன்னால், எது நடந்தால் முயற்சியை நிறுத்திக்கொள்வது என்பதையும் மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தொற்று இரண்டாம் முறை மீண்டால், முழங்காலை நோக்கி ஏறினால், குறித்த மாதத்தில் புது எலும்பு தெரியாவிட்டால் என்று. எல்லை வகுக்காமல் தொடங்கும் முயற்சி ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக நீளுவதை யாராலும் தடுக்க முடிவதில்லை.

புகைப் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை. 2002 ஆய்வில் பங்கேற்ற நோயாளிகளிலேயே, புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு எலும்புத் தொற்று வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. எலும்பு கூடுவதும் அவர்களுக்குக் குறைவு. புகைப்பதை விட முடியாது என்பவருக்கு வளையச் சட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மற்றவர்கள் சொல்லும் ஆறுதல் பெற்றவளுக்கு எரிச்சலைத்தான் தரும். அதைச் சொல்ல வேண்டாம். மருத்துவர்களோடு பேசும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் அந்த இடைவெளியை அவர் கண்ணால் பார்க்கட்டும். சட்டத்தின் திருகுகளை நாள்தோறும் நான்கு முறை திருப்ப வேண்டியது வீட்டிலிருப்பவர்கள்தான் என்பதையும் கேட்கட்டும். அவருடைய மறுப்பு அறியாமையிலிருந்து வருகிறதா, அச்சத்திலிருந்து வருகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஆனால் கையெழுத்து மகனுடையது என்பதை மருத்துவர் முன்னிலையிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்வது நல்லது.

இடைப்பட்ட நாள்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, தொடை வரை வீக்கமும் சிவப்பும் ஏறினாலோ, கம்பியைச் சுற்றித் திடீரென இரத்தம் வந்தாலோ, கெண்டைக்காலோ தொடையோ வீங்கி மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ, ஏற்கெனவே குறித்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.